பட்டாளத்து ரைஃபிள்: சுடவும் சேர்க்கவும் ஆசைப்படும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான கேள்வி-பதில்

பட்டாளத்து ரைஃபிள் மேல் ஆசை வைத்தவருக்கு இந்தக் கரையோரத்தில் இரண்டு இடைஞ்சல். ஒன்று சட்டம், இன்னொன்று உப்புக்காற்று. முதலாவது பல துப்பாக்கிகளை வீட்டு வாசல் ஏற விடாது. இரண்டாவது, வந்து சேர்ந்ததை உருப்படியாக இருக்க விடாது. இந்தப் பக்கத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பிரிட்டிஷ் பட்டாளத்து .303 லீ என்ஃபீல்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

சாதாரண லைசென்ஸில் முடியாது. போல்ட் ரைஃபிளோ (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியது), செமி ஆட்டோமேட்டிக்கோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது), .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய எதுவும் ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் 1(சி) வகையில் வருகிறது. பேச்சுவழக்கில் இதைத்தான் ‘பி.பி.’, அதாவது தடைசெய்யப்பட்ட குழல் அளவு என்கிறார்கள். இதற்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் கலெக்டரிடம் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற வலுவான காரணம் இல்லாமல் அங்கே மனு நகராது. “பழைய ரைஃபிள் பிடிக்கும்” என்பது அந்தக் கணக்கில் சேராது.

.410 மஸ்கெட்டும் இதே வகைதான். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் அரசு ரைஃபிள் தொழிற்சாலை .303 ரைஃபிளையே குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாத ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றிக் காவலர்களுக்குக் கொடுத்த சரக்கு அது. “.410 சாதாரண ஷாட்கன்தானே” என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள்.

விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் ஆட்டோமேட்டிக் எதுவும் ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’. அதை வாங்கியதோ வைத்திருந்ததோ நிரூபணமானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. ஏ.கே. பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்கலாம்?

கலெக்டர் தரும் லைசென்ஸில் (‘என்.பி.பி.’, அதாவது தடைசெய்யப்படாத குழல் அளவு என்பார்கள்) பட்டாளத்து ரைஃபிளுக்கு மிக நெருங்கி வருவது இஷாப்பூர் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். லீ என்ஃபீல்டின் போல்ட்டும் உடற்கட்டும் அப்படியே. மேகசின் 5 தோட்டா. படைக்கு மட்டும் உரிய .303 தோட்டா பொதுமக்கள் கையில் புழங்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்த கட்டுப்பாடுதான் இதன் பிறப்புக்குக் காரணம். ஆஸ்திரிய மன்லிஷரின் விளிம்புள்ள 8×50 தோட்டா வடிவத்தை எடுத்து, அதே போல்ட்டில் பொருத்தினார்கள்.

அடுத்தது இஷாப்பூரின் .30-06 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். தோட்டா அமெரிக்கப் படைக்காக 1906-ல் வந்தது. உதை பலமாக இருக்கும். பிறகு .22 போல்ட் ரைஃபிள். என்.சி.சி.யில் இருந்தவர்கள் பலரும் முதன்முதலில் சுட்டது .22-தான். எங்கள் யோசனை கேட்டால்: கையில் .177 ஏர் ரைஃபிள், கிளப்பில் .22, அதற்கும் மேல் ஆசை மிஞ்சினால் .315. நேரே .315-க்குத் தாவினால், தோட்டா விலைக்குப் பயந்து வருடத்துக்குப் பத்து தோட்டாகூடச் சுடாமல் பீரோவில் துருப்பிடிக்க விடுவீர்கள்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

ஒருவருக்கு இரண்டு. 2019 திருத்தத்துக்கு முன் மூன்று. தாத்தா வழியில் வந்ததும் இந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 அல்லது ஏர் ரைஃபிள் இந்தக் கணக்கில் சேராது. பேர்பெற்ற போட்டி வீரர்களுக்குத் தனி வரம்பு உண்டு. ஆக, வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் மாதிரி சுவர் நிறைய ரைஃபிள் என்பது இங்கே நடக்காது. இங்கே ‘சேகரிப்பு’ என்றால் இரண்டு நல்ல துப்பாக்கி, பிறகு அதைச் சுற்றி வரும் சாமான்கள்: தோல் வார், சார்ஜர் கிளிப், எண்ணெய்க் குப்பி, பயிற்சிக் கையேடு, ரெஜிமென்ட் பட்டை, பழைய புகைப்படம். அறிவு வளர்வது இந்தச் சாமான்களில்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சுட்டுப் பார்த்தவர்கள் மெச்சுகிற பட்டாளத்து ரைஃபிள்கள் எவை? ஏன்?

எங்கள் முதல் இடம் லீ என்ஃபீல்டின் குட்டை வடிவமான எஸ்.எம்.எல்.இ. மார்க் 3-க்கு. 1907-ல் ஏற்கப்பட்டது. நீளம் 113 செ.மீ., எடை 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 10 தோட்டா மேகசின். 5 தோட்டா கிளிப் இரண்டை மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். போல்ட்டை முன்னே தள்ளும்போதுதான் சுத்தியல் ஸ்பிரிங் இறுகுகிறது. அதனால் சுட்டவுடன் போல்ட்டைத் தூக்குவது லேசு. போல்ட் நகரும் தூரமும் குறைவு. பிடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விடாமல் பற்றியிருக்க, விசையை நடுவிரலால் இழுக்கும் பழக்கமும் இதனால் வந்தது. 300 கஜத்தில் நிமிடத்துக்கு 15 குறி பார்த்த சூடு என்பது பிரிட்டிஷ் சிப்பாயின் பயிற்சி அளவு.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. முன்கட்டை மரம் குழலை அழுத்தும் விதத்தைப் பொறுத்தே குறி. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பினால், சித்திரையில் சரியாக விழுந்த தோட்டா ஒரு ஜாண் தள்ளி விழும். கட்டையைச் சரிபார்க்காமல் சைட்டை (குறிகாட்டியை) மட்டும் திருகிக்கொண்டிருந்தால் பருவத்துக்குப் பருவம் திருகவேண்டியதுதான்.

இந்தியக் கிளை இஷாப்பூர் 2ஏ, 2ஏ1. 1962 போருக்குப் பிறகு 7.62×51 தோட்டாவுக்காக வலுவான எஃகில் செய்தது. மேகசின் 12 தோட்டா, பெட்டி மாதிரி சதுரமாகத் தொங்கும். 2ஏ-வின் பின்சைட்டில் 2000 மீட்டர் வரை கோடு. 2ஏ1-ல் அதை 800-ஆகக் குறைத்துவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு அதுவே தாராளம்.

பிரெஞ்சு வரிசை புதுச்சேரிக்காரர்களுக்குத் தனிப் பாசம். 1886 லெபல்தான் புகையில்லா மருந்துத் தோட்டாவோடு வந்த முதல் படை ரைஃபிள். குழலுக்குக் கீழே ஒரு குழாய், அதில் 8 தோட்டா வரிசையாக. நிரப்ப நேரம் பிடிக்கும். சுடச்சுட முன்பாரம் குறைவதால் கைக்கு ரைஃபிளின் நிதானமே மாறிக்கொண்டிருக்கும். அதற்குப் பிந்தைய மாஸ்-36, இந்தோசீனப் போரில் பிரெஞ்சுப் படை தூக்கிய ரைஃபிள். அந்தப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய தாத்தாக்கள் இங்கே பல வீட்டில் உண்டு. அதில் சேஃப்டி விசையே கிடையாது. அறைக்குள் தோட்டா வைத்துக்கொண்டு நடக்காதே என்பதுதான் அதன் பாதுகாப்பு ஏற்பாடு.

மற்றவை சுருக்கமாக. மாசர் 98-ன் போல்ட் பிற்காலத்து வேட்டை ரைஃபிள்களுக்கெல்லாம் அச்சு. ஸ்விஸ் கே31-ல் போல்ட்டைத் திருப்ப வேண்டாம், நேரே இழுத்தால் போதும், துல்லியம் பிரமாதம். எம்1 கராண்ட் 8 தோட்டாவை ஒரே கிளிப்போடு விழுங்கி, கடைசித் தோட்டாவில் கிளிப்பை ‘டிங்’ என்று துப்பும். 1871 மார்டினி ஹென்றி ஒற்றைத் தோட்டா. கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் அறை திறக்கும். இவற்றைச் சுடுவது வெளிநாட்டில் ரேஞ்சுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கே.

இஷாப்பூர் ரைஃபிளின் முத்திரையை எப்படி வாசிப்பது?

போல்ட் கைப்பிடிப் பக்கம், கட்டையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டையைப் பாருங்கள். மேலே கிரீடமும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்தும் இருந்தால் ஜார்ஜ் மன்னர் காலம். அதன் கீழே ஆலைப் பெயர், வருடம், மாடல் எண். சுதந்திரத்துக்குப் பிந்தையவற்றில் கிரீடம் போய் அசோகச் சிங்கமும் ‘ஆர்.எஃப்.ஐ.’யும் (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) வரும். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலிய லித்கோ முத்திரைகளும் இந்தியப் படையில் புழங்கியவை.

அடுத்து மேகசினுக்குச் சற்று முன்னால், முன்கட்டையைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரு திருகு. நம் வெயிலிலும் மழையிலும் மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட ஏற்பாடு. உலகம் முழுக்க ‘இஷாப்பூர் திருகு’ என்றே பெயர். ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது, சுடவே கூடாது.

எண் பொருத்தம்: உடல், போல்ட் கைப்பிடி, பின்சைட், குழல் முனையில் உள்ள மூக்குத்தொப்பி, முன்கட்டையின் அடிப்பக்கம். போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால் தோட்டா விளிம்புக்கான இடைவெளியைக் கேஜ் வைத்து அளக்காமல் சுடாதீர்கள். .303-க்கு இது 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பித்தளைக் கூடு நீண்டு, அடிப்பக்கம் துண்டாகி, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும்.

.315 அடிக்கடி சிக்குகிறது. மேகசின் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் நிரப்பிய விதம்தான் கோளாறு. விளிம்புள்ள தோட்டா என்பதால், மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு கீழேயிருப்பதன் விளிம்புக்கு *முன்னால்* இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். போல்ட் மேலேயுள்ளதைத் தள்ளும்போது கீழேயுள்ளதும் கூட வந்து முட்டும். ஒவ்வொரு தோட்டாவையும் பின்பக்கமாகச் சரித்து வைக்காமல், முந்தையதன் விளிம்பைத் தாண்டி முன்னால் அழுத்திவிட்டு விடுங்கள். அப்புறமும் சிக்கினால் மேகசின் உதடு வளைந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 நொடி அசையாமல் இருங்கள். தாமதமாக வெடிக்கும் பழைய தோட்டா உண்டு. சத்தம் மட்டும் ‘புஸ்’ என்று வந்து உதை இல்லாவிட்டால், அடுத்ததைப் போடாதீர்கள். குண்டு குழலில் தங்கியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும்?

வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் ஏ-1 படிவம். கடலூரில் கலெக்டர் அலுவலகம், புதுச்சேரியில் மாவட்ட நடுவர் அதிகாரம் கொண்ட கலெக்டர் அலுவலகம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படத்தோடு துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எஸ்-1, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எஸ்-2, மருத்துவச் சான்று எஸ்-3. பிறகு காவல்துறை விசாரணை. லைசென்ஸ் வந்தால் ஐந்து வருடம் செல்லும். தனி அடையாள எண்ணோடு தேசியப் பதிவேட்டில் ஏறும்.

மனு நிராகரிக்கப்படுவது அதிகம் ‘காரணம்’ என்ற கட்டத்தில்தான். விளையாட்டு என்று எழுதினால் கிளப் உறுப்பினர் அட்டை, பங்கேற்ற போட்டிச் சான்றுகளைச் சேருங்கள். வெறும் ‘தற்காப்பு’ என்ற ஒரே சொல் எழுதப்பட்ட மனு எங்கேயும் போகாது.

கடலூர் லைசென்ஸோடு புதுச்சேரி ரேஞ்சுக்குப் போகலாமா?

லைசென்ஸில் ‘செல்லுபடியாகும் எல்லை’ என்ன என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், முள்ளோடை தாண்டிய நொடியிலேயே உங்கள் துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கி. விழுப்புரம் சாலை இன்னும் வம்பு: கண்டமங்கலம் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி என்று எல்லை மாறி மாறி வரும். யூனியன் பிரதேசத்தையும் சேர்த்து எல்லையை விரிவாக்கக் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே காரை எடுங்கள். தோட்டா இறக்கிய நிலை, முழுக்க மூடிய உறை, தோட்டா தனிப் பெட்டி, லைசென்ஸ் அசல் கையில்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். ஒப்படைக்கும் முன் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். திரும்பி வரும்போது அந்த இரண்டு மாத ஈரத்தின் தடயம் கட்டாயம் இருக்கும்.

அப்பா இறந்துவிட்டார், அவருடைய .315 வீட்டில் இருக்கிறது.

இன்றைக்கே ஸ்டேஷனுக்கோ உரிமம் பெற்ற வியாபாரிக்கோ தகவல் சொல்லி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காரியம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் வைத்திருப்பதுதான் நல்ல குடும்பங்களையும் வழக்கில் மாட்டுகிறது: லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது, துப்பாக்கி உங்கள் வீட்டில். பிறகு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வைத்து உங்கள் பெயருக்கு மனு. அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்ற விரும்பினால், அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விதி இடம் தருகிறது.

புதுச்சேரிப் பழம்பொருள் கடையில் ‘பிரெஞ்சு மஸ்கெட்’ விற்கிறார்கள். அசலா?

பெரும்பாலும் அலங்காரச் சரக்கு. கையில் வாங்கி இப்படிப் பாருங்கள். திருகுத் தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் வைத்துவிட்டு வரலாம். அந்தத் திருகு வந்ததே 1930-களில். குழல் வாயில் ஒரு மெல்லிய குச்சியை விட்டால் நாலு விரற்கடையில் முட்டுகிறதா? துளையே முழுசாகப் போடவில்லை. பூட்டுத் தகட்டின் ஓரத்தில் வார்ப்பு விளிம்பு ஓடுகிறதா? அசல் தகடு கையால் அராவியது, ஓரம் கூர்மையாக இருக்கும். துரு எங்கும் ஒரே மாதிரி செம்மண் நிறத்தில் படர்ந்திருந்தால் அமிலத்தில் முக்கியது. நூறு வருடத் துரு, கை படும் இடத்தில் தேய்ந்து கறுத்தும், கட்டையும் இரும்பும் சேரும் இடுக்கில் குழி விழுந்தும் இருக்கும். கட்டையின் அடித்தகட்டைக் கழற்ற விட்டால், உள்ளே மரம் வெளுப்பாகப் புதுசாக இருக்கிறதா என்று பாருங்கள். மணம்கூடக் காட்டிக்கொடுக்கும்: பாலிஷ் வாடை.

அளவும் பேசும். பிரெஞ்சு ஷார்ல்வில் மஸ்கெட்டின் குழல் வாய் சுமார் 17.5 மி.மீ.; ஆங்கிலேயக் கம்பெனியாரின் பிரவுன் பெஸ் .75 அங்குலம், அதாவது 19 மி.மீ. கடையில் கிடைப்பவற்றில் 12, 13 மி.மீ. வாயே அதிகம்.

அசலாகவே இருந்தால் இரண்டு சட்டம் குறுக்கே வரும். பழைய பாணி அல்லது தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்றால்தான் ஆயுதச் சட்டம் 45(சி) விலக்கு. பூட்டு வேலை செய்து குழல் நன்றாக இருக்கும், குழல் வாய் வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கி விலக்கில் வராது. நூறு வயது தாண்டியது 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பிரான்ஸிலிருந்து வந்த உறவினருக்குப் பரிசாகக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

‘கியூரியோ’ (அரும்பொருள்) துப்பாக்கிக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே?

2020 பிப்ரவரியில் உள்துறை வெளியிட்ட அறிவிப்பு அது: கியூரியோ வகைச் சிறு ஆயுதத்தை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமகனுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பயன்படுத்தவோ வெளியே எடுத்துச் செல்லவோ லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸில் ஏறாமல் தோட்டா விற்கக் கூடாது. ஆனால் எது கியூரியோ என்று நீங்களோ விற்பவரோ முடிவு செய்ய முடியாது. வாங்கும் முன் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி .303 வாங்கியவருக்கு அந்த அறிவிப்பு கேடயம் ஆகாது.

லைசென்ஸ் இல்லாமல் பட்டாளத்துத் தோற்றத்தில் ஏதாவது?

4.5 மி.மீ. (.177) வாய், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்றால் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வியாபாரி அடையாளச் சான்று கேட்டுப் பதிவார். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். மாசர் உருவத்திலேயே ஜெர்மன் டயானா கே98 ஏர் ரைஃபிள் வருகிறது: முழு மரக்கட்டை, தோளுக்குக் கனமான உண்மை எடை.

20 ஜூலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெல்லட் (ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு) எடை (கிலோவில்) × வேகம் × வேகம் ÷ 2. அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 250 மீட்டரில் 15.6 ஜூல், அதே பெல்லட் 300 மீட்டரில் 22.5 ஜூல், எல்லை தாண்டிவிட்டது. ‘1000 அடி வேகம்’ என்று பெட்டியில் அச்சடித்ததைப் பார்த்துப் பூரிப்பதற்கு முன் இந்தக் கணக்கு. ஸ்பிரிங்கை மாற்றி வேகம் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தால், வீட்டுக்கு வருவது லைசென்ஸ் தேவைப்படும் துப்பாக்கி.

கொக்கு, மைனா, புறா மேல் குறி வைத்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கழுவேலி, பாகூர் ஏரி பக்கம் ஏர் கன்னோடு நடமாடவே வேண்டாம்.

மாடியில் 10 மீட்டர் ரேஞ்ச் போட என்ன வேண்டும்?

இலக்குக்குப் பின்னால் செங்கல் சுவர், அதற்கு முன்னால் 3 மி.மீ. இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கி 45 டிகிரி சாய்த்த பெட்டி, அடியில் பழைய துணி. கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு மேல் சுடும் கோடு போகக் கூடாது. தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும், அங்கே துணி காயப்போடும் யாரோ இருப்பார்கள். இலக்கு மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். பெல்லட் தட்டைத்தலை; காகிதத்தில் சுத்தமான வட்டம் விழும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், ஈயம்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் சூடுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறும். முன்கட்டை உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும், தோளில் லேசாக ஒட்ட வேண்டும். முதல் 500 பெல்லட் வரை குறி அலையும், ஸ்பிரிங் பழகவில்லை என்று பொருள். அதற்குப் பிறகும் அலைந்தால் முதலில் கட்டைத் திருகுகளைப் பாருங்கள்; பத்தில் எட்டு புகார் அங்கேயே தீரும் என்பது எங்கள் கண்ணளவு. பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் உடையும். காற்றறையில் எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் எரிந்து ‘டப்’ என்று புகையும், ஸ்பிரிங் போய்விடும்.

போட்டிக்குப் போக ஆசை வந்தால், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 60 சூடு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9. பத்தாவது வளையம் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

இந்தக் காற்றில் துரு பிடிக்காமல் எப்படி வைப்பது?

நுரை வைத்த பெட்டியில் வைக்காதீர்கள். நுரை ஈரத்தைப் பஞ்சு மாதிரி பிடித்துக் குழலில் ஒட்டவைக்கும். துணி உறையும் அப்படியே. தோல் வாரைக் கழற்றித் தனியாக வையுங்கள், பதனிட்ட தோலின் அமிலம் பட்ட இடத்தில் பச்சையும் துருவும் பூக்கும். பூட்டு போட்ட இரும்புப் பெட்டி, உள்ளே 250 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும்; 40-க்குக் கீழே போனால் கட்டை வெடிக்கும். நீல மணி இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலம்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாள்பட்டால் கெட்டு, சிக்கு வாடையோடு இரும்பையும் அரிக்கும். அசையும் பாகத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. மாதக்கணக்கில் வைக்கப்போகும் வெளி இரும்புக்கு மெழுகுப் பூச்சு. எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், மெழுகு நிற்கும். தொட்டவர் கைரேகை அடுத்த வாரம் துரு ரேகையாக எழும். காட்டி முடித்ததும் ஒருமுறை துடையுங்கள்.

செந்துரு வந்துவிட்டால்: மிக மெல்லிய (நாலு பூஜ்யம்) ஸ்டீல் உல், எண்ணெய், விரல் அழுத்தம், அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டால் துருவோடு முத்திரையும் போகும்.

பழைய தோட்டா சுட்ட மறுநாளே குழல் சிவக்கிறது. ஏன்?

பழைய பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) இருக்கும் பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலில் படிகிறது. அது நம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே மூடி வைக்கும். தண்ணீர்தான் மருந்து. அன்றைக்கே போல்ட்டைக் கழற்றி, அறைப் பக்கம் புனல் வைத்து அரை லிட்டர் கொதிக்கும் நீர். குழல் சூடாகித் தானே காயும். போல்ட் முகத்தையும் கழுவுங்கள். மூன்று நான்கு உலர்ந்த துணித்துண்டு, பிறகு எண்ணெய். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு துண்டு விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மீண்டும் வெந்நீர்.

கட்டை வெளுத்துவிட்டது, வார்னிஷ் அடிக்கலாமா?

அடித்தால் பட்டாளத்து ரைஃபிள் சாப்பாட்டு மேசை ஆகிவிடும். ஆளிவிதை எண்ணெய் ஐந்தாறு சொட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, 24 மணி நேரம் விட்டு, மீதியைத் துடைத்து மறுபடி. நான்கைந்து முறை போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவையுங்கள்.

பிரான்ஸில் இருக்கும் அண்ணன் லெபல் வைத்திருக்கிறார். இங்கே கொண்டுவரலாமா?

லக்கேஜில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. இந்தியத் தரப்பில் முன்கூட்டியே லைசென்ஸும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அங்கே ஆயுதம் ஏ, பி, சி, டி என நான்கு வகை. போல்ட் ரைஃபிள் பெரும்பாலும் சி, சுடும் கழக உறுப்பினர் அட்டையோ வேட்டை அனுமதியோ வேண்டும். லீவில் போகும்போது அவரோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவதே சுலபம்.

அசலைப் பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடம், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். உள்ளூரில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் கதை உண்டு: 1690-ல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்ந்தது. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அப்படி வந்தது.

புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்து ரைஃபிள் மூழ்கிவிட்டது.

தானே புயலும் ஃபெஞ்சலும் பார்த்த ஊர்களில் இது கற்பனைக் கேள்வி இல்லை. எச்சரிக்கை வந்ததுமே பெட்டியை முதல் மாடிக்கோ பரணுக்கோ ஏற்றுங்கள். மூழ்கிவிட்டால் முதல் வேலை நல்ல தண்ணீரில் அலசுவது. சேறும் உப்பும் காய்ந்து இறுகும் முன். குழலைத் துணிக்கோல் விட்டுத் துடைக்கும் முன் நீர் ஊற்றி மணலை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் மணலே வரிப்பள்ளத்தைக் கீறும். இரும்பையும் கட்டையையும் பிரித்து, இரும்புக்கு வெந்நீர், உலர்துணி, எண்ணெய். கட்டையை வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். நிழலில், ஃபேன் காற்றில், இரண்டு மூன்று வாரம். நனைந்த தோட்டாவைக் காயவைத்துச் சுடும் யோசனை வேண்டாம், எண்ணிக்கை எழுதி ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ ஒப்படையுங்கள். துப்பாக்கியோ லைசென்ஸ் புத்தகமோ அடித்துக்கொண்டு போயிருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுத்து, வரிசை எண் குறித்த ரசீதை வாங்குங்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவர் குழலையும் போல்ட்டையும் பார்த்துச் சொல்லும் வரை அந்த ரைஃபிளில் தோட்டா ஏற்ற வேண்டாம்.